தண்ணியா, எண்ணெயா

"அக்கா, இது தண்ணியா, எண்ணெயா?"

நாலு வருஷமாக ஷம்சூரி என் கடைக்கு வந்து கேட்ட கேள்வி இது ஒன்றுதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மனிதர் என்னை அக்கா என்று கூப்பிடுவதே எனக்கு எரிச்சல். ஒரே எசன்ஸைப் பத்தாவது தடவை வாங்கும்போதும் அதையே கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே வரும். தைப்பிங் பசாருக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாகக் கேக் சாமான் கடை நடத்துகிறேன். மாவு, அச்சு, கலர், எசன்ஸ் எது கேட்டாலும் இருக்கும். பொறுமை மட்டும் கேட்கக் கூடாது.

அவர் கேக் செய்கிறவர் இல்லை. வேப் என்கிற மின்சிகரெட் ஊதுகிறவர். அதற்கு ஊற்றும் ஜூஸை வீட்டிலேயே கலப்பவர். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேப் ஊதிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பாதி ஜூஸ் கலந்துகொண்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். என் கடைக்கு வந்து, கண்ணில் பட்ட எசன்ஸையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். எதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. இவர் ஒருத்தர்தான் கேட்டார். அதற்காக அவரை மதித்திருக்க வேண்டும். நான் சலித்துக்கொண்டேன்.

ஷம்சூரி முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் கொசுப்புகை அடித்தவர். தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால், சத்தம் கேட்ட உடனே சன்னலெல்லாம் சாத்திக்கொள்ளும். காயப்போட்ட துணி உள்ளே போகும், சட்டிபானை மூடிக்கொள்ளும். "நான் போற தெருவுல மனுஷ முகத்தைப் பாத்ததே இல்ல அக்கா, கதவைத்தான் பாத்திருக்கேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்தை டீசலில் கலந்துதான் அந்தப் புகை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் முகம், கழுத்து, மூக்கின் உள்பக்கம் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமாம். எண்ணெய் நெஞ்சுக்குள் போனால் சுலபத்தில் வெளியே வராது என்பது அவருக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிந்ததில்லை.

போதாததற்கு நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் வேறு. மனைவி ரொஹானி சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது, சிகரெட்டை விட்டுவிடும்படி கேட்டிருக்கிறார். அவர் இருக்கும்வரை இவர் விடவில்லை. அடக்கம் செய்த மறுவாரம் விட்டார். வேப்புக்கு மாறினார். நிக்கோடினை மாதாமாதம் குறைத்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் ஆக்கினார். புகையும் வாசனையும் மட்டும் மிச்சம். ஒரே மகன் ஜொகூர்பாருவில் பதினாலாவது மாடியில் குடியிருந்து சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்க்கிறான். கமுந்திங்கில் மூன்று அறை வீட்டில் இவர் ஒற்றை ஆள்.

ஒருமுறை சாமான் கொடுக்கப் போனபோது அவர் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் புது பேப்பர் விரித்து, கையுறை போட்டு, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். ஜூஸுக்கு அடிப்படையான கிளிசரின் மருந்துக்கடையில் வாங்கியது. ஒவ்வொரு புட்டியிலும் தேதி, என்னென்ன எத்தனை கிராம் என்று எழுதிய துண்டு ஒட்டியிருந்தது.

"எல்லாத்தையும் கொஞ்சம் தாராளமா ஊத்தினா என்ன? வாசனை நல்லா வருமே" என்றேன்.

"கேக்குக்கு ஊத்துற மாதிரி இதுக்கு ஊத்தக் கூடாது அக்கா. தின்ன நல்லதெல்லாம் இழுக்க நல்லதில்ல. வயித்துக்குள்ள போனது எப்படியும் வெளிய போயிடும். நெஞ்சுக்குள்ள போனது எங்க போகும்?"

எண்ணெயில் கரைத்த எசன்ஸ் கூடவே கூடாது என்றார். சீனி போட்டது வேப்புக்குள் சூடாகிற கம்பியில் கருகும், அதுவும் வேண்டாம். பட்டை வாசனை தொண்டையை அரிக்கும். வெண்ணெய் வாசனையில் இருக்கிற சரக்கு நுரையீரலுக்கு ஆகாது என்று எங்கோ படித்திருக்கிறார், அதனால் அந்தப் பக்கமே போக மாட்டார். தண்ணீரில் கரைகிற எசன்ஸ்கூட நெஞ்சுக்கென்று செய்ததில்லையே என்று, கம்பெனிக்குக் கடிதம் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார். பதில் வராதவற்றை ஒதுக்கிவிடுவார். கலந்த ஜூஸை இரண்டு வாரம் அலமாரி இருட்டில் ஊறப்போட்டு, தினமும் காலையில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து நன்றாகக் குலுக்கி வைப்பார். ஜூஸ் போடுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. அவர் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

இத்தனை பாடும் ஞாயிற்றுக்கிழமைக்காக. பசார் பக்கம் முன்பு ஒரு வேப் கடை இருந்தது. அங்கே பழக்கமான மூன்று பேர், கடை மூடிய பிறகு, ஞாயிறு நாலு மணிக்கு இவர் வீட்டுக் கார் நிறுத்தும் கூரையடியில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துக் காவலாளி வாஹித், மோட்டார்சைக்கிள் பட்டறை கிம் சூன், மண் லாரி ஓட்டும் நம்ம குணாளன். எங்கள் ஊர் மழை தெரிந்ததுதானே, நாலு மணிக்குக் கொட்டும். மழையைப் பார்த்துக்கொண்டு ஊதுவார்கள். இவர் வாழைப்பழப் பஜ்ஜி வாங்கி வைப்பார், கோப்பி போடுவார், போகும்போது ஆளுக்கு ஒரு புட்டி ஜூஸ் கொடுத்து அனுப்புவார்.

திங்கட்கிழமை என் கடைக்கு வந்து அதையெல்லாம் ஒப்பிப்பார். "நேத்து குணா வந்தான் அக்கா. மத்த ரெண்டு பேருக்கும் வேலையாம். அவனுக்குக் கொய்யா ரொம்பப் பிடிச்சிருச்சி." அடுத்த வாரம், "நேத்து கிம் சூன் மட்டும்தான்." நான் மாவு நிறுத்துக்கொண்டே தலையாட்டுவேன். பாதி காதில் விழாது.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும். கடையில் பிஸ்கட் செய்கிறவர்கள் கூட்டம், மூச்சு விட நேரமில்லை. அந்த நேரம் பார்த்து வந்தார். பெருநாளைக்குப் புதிதாக ஒன்று போடப் போகிறாராம், செரி மூக்கா பலகார வாசனையில். பாண்டான் இலை எசன்ஸ் கையில் இருக்கிறது, தேங்காய் எசன்ஸ் வேண்டும். அவர் வழக்கமாக வாங்குவது தீர்ந்துபோயிருந்தது. புது சப்ளையர் அனுப்பியதை எடுத்துக் கொடுத்தேன். அதே அளவு புட்டி, அதே பச்சை மூடி. எழுத்தெல்லாம் தாய்லாந்து மொழி.

"அக்கா, இது தண்ணியா, எண்ணெயா?"

"ஐயோ, எத்தனை தடவைதான் சொல்றது? தண்ணிதான். காலங்காத்தால உயிரை வாங்காதீங்க" என்றேன்.

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வாங்கிக்கொண்டு போனார். நான் பொய் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னேன். அதற்கும் பொய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

பெருநாள் முடிந்து மகன் வீட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தார். வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, நான் கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஒரு கிளாஸ்ல தண்ணி குடுங்க அக்கா."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். பையிலிருந்து அந்தத் தேங்காய் எசன்ஸை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். சொட்டு கரையவில்லை. மேலே வட்டமாக நின்று மினுமினுத்தது. ரசத்தில் எண்ணெய் மிதக்குமே, அப்படி.

"கலந்த பெரிய புட்டியை வீட்டுலயே வெச்சிட்டுப் போனேன். ஒரு வாரம் குலுக்க ஆள் இல்லையா, மேல தனியா ஒரு வளையம் கட்டி நின்னுச்சி. தினம் குலுக்கிக் குலுக்கி நானே அதைக் கண்ணுல படாமப் பண்ணியிருக்கேன்" என்றார்.

"நான்தான் அண்ணே, நான்தான் பாக்காம..."

"அதை அப்புறம் பேசலாம். போறதுக்கு முன்ன ஞாயித்துக்கிழமை, பெருநாளுக்குன்னு வந்த மூணு பேருக்கும் ஆளுக்கொரு புட்டி குடுத்துட்டேன். பன்னெண்டு நாளாச்சி. எண்ணெயை இழுத்திட்டிருப்பாங்க அக்கா. வாஹித்துக்கு ஏற்கெனவே இழுப்பு இருக்கு."

போன் போட்டால் வாஹித் எடுக்கவில்லை, கிம் சூனும் எடுக்கவில்லை. குணாளன் போன் அணைந்திருந்தது. இவர் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கடையைச் சாத்தினேன், என் வேனில் ஏறச் சொன்னேன். வாங்க வந்த ஒரு அம்மா முறைத்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழி முழுக்க மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. கடவுளே, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

முதலில் அவ்லோங்கில் வாஹித் வீடு. இரவு டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அஸ்லினாதான் கதவைத் திறந்தாள். தேங்காய் வாசனை ஜூஸ், பச்சைத் துண்டு ஒட்டியது, இருக்கிறதா என்று ஷம்சூரி கேட்டார்.

"இருக்கும் அண்ணே, எல்லாம் இங்கதானே இருக்கு" என்று டிவிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே வரிசையாகப் புட்டிகள். கொய்யா, லைச்சி, பாண்டான், தேங்காய். ஒவ்வொன்றிலும் ஷம்சூரியின் கையெழுத்து. போன வருஷத் தேதிகூட இருந்தது. ஒன்றின் மூடி முத்திரைகூட உடையவில்லை. அஸ்லினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இழுப்பறையைச் சாத்தப் போனாள், சாத்தவும் முடியாமல் நின்றாள்.

"தொடலை. அல்ஹம்துலில்லா. தொடவே இல்ல" என்றார் ஷம்சூரி. தேங்காய்ப் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். "மத்ததையும் எடுத்துட்டுப் போங்க அண்ணே, பழசாயிடுச்சி" என்று அவள் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார்.

கிம் சூன் பட்டறையில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் பழைய ஆயில் டப்பா ஒன்றைத் தூக்கிவந்தான். அதற்குள் பத்துப் பன்னிரண்டு புட்டி. எல்லாம் முத்திரையோடு.

"நான் விட்டு எட்டு மாசமாச்சி அண்ணே. டாக்டர் வேணாம்னாரு. உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை ஊதினியே?"

"அது வெறும் ஆவிதான். உள்ள தண்ணி மாதிரி ஏதோ கொஞ்சம் ஊத்தி வெச்சிருந்தேன், நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"நல்லதுதான். நல்லதுதான் விட்டது" என்று இரண்டு தடவை சொன்னார் ஷம்சூரி.

வேனில் ஏறிய பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது குணாளன் வீடு. வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பைப்பை மூடிவிட்டு வந்தான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. என்ன ரெண்டு பேரும் சேந்து?"

"குணா, அந்தத் தேங்காய் ஜூஸ் எங்க?"

"அதா, முடிஞ்சிபோச்சிண்ணே. சூப்பரா இருந்துச்சி. அடுத்த தடவை எனக்கு ரெண்டு புட்டி வேணும்."

ஷம்சூரியின் கையிலிருந்து பை நழுவியது. அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா? இருமினா என்ன வருது? வண்டியில ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். சட்டையைப் போடு, சீக்கிரம்."

"ஏண்ணே, என்ன ஆச்சி?"

"அதுல எண்ணெய் இருக்குடா. நெஞ்சுல போய் ஒட்டிக்கும். எல்லாம் என் தப்பு. ஏறுடா."

"அவர் தப்பில்ல, என் தப்பு. நின்னு பேசாத, வண்டியில ஏறு" என்று நானும் கத்தினேன்.

குணாளன் ஈரக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அண்ணே, நான் இழுக்கல."

"முடிஞ்சிடுச்சின்னு சொன்ன?"

"சும்மா சொன்னேன். தொடவே இல்லண்ணே. சத்தியமா. லாரியில சீட்டுக்கு அடியில கிடக்கு. நீங்க போடுறதுல வாசனையே வராதுண்ணே. அது ஆகாது, இது ஆகாதுன்னு எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கும்? எப்படிச் சொல்றது உங்ககிட்ட?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிடிக்கலைன்னா வாரா வாரம் எதுக்குடா அங்க போய் உக்காந்தீங்க? பஜ்ஜி திங்கவா?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. ரொஹானி அக்கா போன பிறகு மனுஷன் தனியா கெடக்காரேன்னுதான். மூணு பேரும் பேசி வெச்சிக்கிட்டோம், ஒரு வாரத்துக்கு ஒரு ஆளாவது போகணும்னு. எனக்கு ஒரு வாரம், கிம் சூனுக்கு ஒரு வாரம்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கேட்கக் கூடாதவர் பக்கத்திலேயே நின்றார்.

ஷம்சூரி குனிந்து, கீழே சிதறிய புட்டிகளைப் பொறுக்கினார். ஒன்று லாரிச் சக்கரத்துக்கு அடியில் உருண்டிருந்தது. அதையும் எடுத்தார். பிறகு குணாளனைப் பார்த்துக் கேட்டார், "இந்த ஞாயித்துக்கிழமை யாரு முறை?"

"வாஹித் முறைண்ணே" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சீட்டுக்கு அடியில் கிடந்ததை வாங்கிக்கொண்டு வேனுக்கு வந்தோம். மழை வலுத்துவிட்டது. நான் வண்டியைக் கிளப்பவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோபம்தான் வாயில் வரும். "முறை போட்டாங்களாம் முறை, மகராசனுங்க. நாளன்னைக்கு வந்தா கேட்டைத் திறக்காதீங்க" என்று பொரிந்தேன்.

"ஏன் அக்கா திட்டுறீங்க? அவங்க இழுக்காததாலதானே பிழைச்சாங்க. என் ஜூஸ் அவங்களுக்குப் பிடிச்சிருந்தா இன்னிக்கு நிலைமை என்ன?" மடியில் பை நிறைந்து கிடந்தது. அதைத் தட்டிக்கொடுத்தார். "ஒரு ஆளும் தொடலை. நிம்மதியா இருக்கு" என்றார். நிஜமாகவே நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையிலிருந்து மூன்று வீடு ஏறி இறங்கியிருக்கிறோம். மூன்று பேருடைய நெஞ்சுக்காகவும் பதறியிருக்கிறோம். ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அண்ணே, நீங்க இழுத்தீங்களா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பெருநாளைக்குன்னு போட்டதாச்சே. ஒரு புட்டியை ஜொகூருக்குக் கொண்டுபோனேன். மகன் வேலைக்குப் போயிடுவான், மருமக ரூமை விட்டு வெளிய வர மாட்டா. வீட்டுக்குள்ள ஊதக் கூடாது. வெளி வராந்தாவுல நின்னு ஊதிட்டிருந்தேன். வேற என்ன வேலை எனக்கு?"

"எவ்வளவு?"

"முழுசும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். விரலில் எதையோ மாட்டிவிட்டு ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தார்கள். நான் அந்த எசன்ஸ் புட்டியை மேசையில் வைத்து, இதை விற்றது நான், எண்ணெய் என்று தெரியாமல் விற்றேன் என்று சொன்னேன். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா திட்டவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் அடியில், கை கழுவிய தண்ணீர் தெளித்தது போல மங்கலாக ஒரு திட்டு.

"பயப்படுற அளவுக்கு இல்ல. ஆனா விட்டுவைக்க முடியாது. உள்ள சேத்து, நாலஞ்சு நாள் பாத்துட்டுத்தான் அனுப்புவோம். வேப்பை இனிமே தொடவே கூடாது, பாக்சிக்" என்று மலாயில் மாமா முறை வைத்துச் சொன்னார்.

"தொட மாட்டேன். எல்லாத்தையும் அக்காகிட்டயே குடுத்துடுறேன்" என்று பையை என் கையில் கொடுத்தார். அத்தனை கவனமாக எழுதி ஒட்டிய துண்டுகள். அதைத் தூக்கிக்கொண்டு நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா திரும்பிப் போகும்போது ஷம்சூரி கூப்பிட்டார்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய்ட்டு வர விடுவீங்களா? நாலு மணிக்கு இருந்தாப் போதும். ஒரு மணி நேரம்தான்."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. ஒரு ஆள் வருவான்" என்றார் ஷம்சூரி. "இந்த வாரம் அவன் முறை."